வாசலில் நான்காவது கல்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில், "ராத்திரியா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. காலையில். பேக்கரியில் ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கீழே ஆற்றின் மேல் தொங்கு ரயில் கிறீச்சிட்டுப் போனது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் அது ஓர்ட்வின் காப்பலின் கையைப் பிடித்தது.

சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இன்னும் ஜெர்மனியின் வூப்பர்டாலில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டாயிற்று. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சொன்னது மாறவில்லை. தெருவின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. வேடிக்கை பார்க்க ஆள் வருவது இருவருக்குமே பிடிக்காது.

காப்பலுக்கு ஐம்பத்தாறு வயது. மசாஜ் சிகிச்சை செய்பவர். முப்பது வயதில் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. அந்தக் கோபத்தை அவர் எப்போதோ விழுங்கிவிட்டார். விழுங்க முடியாத கோபம் ஒன்று உண்டு. கேட்காமல் தன்னைத் தொடுகிறவர்கள் மேல். சாலையோரம் சும்மா நின்றால் போதும், யாராவது முழங்கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு போய்விடுவார்கள். அவர் பஸ்ஸுக்காக நின்றிருப்பார்.

வீட்டிலிருந்து சிகிச்சை நிலையத்துக்கு ஒரு மேட்டுத் தெரு. பல வருடங்களாக அதே நடை. பாதி வழியில் ஒரு நான்கு மாடி வீடு. அதன் தரைத்தள ஜன்னலில் வில்ஃப்ரீட் ஓலர்ஸ் என்ற கிழவர். தொங்கு ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஜன்னல் கட்டையில் ஒரு தலையணையைப் போட்டு, அதில் முழங்கையை ஊன்றி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வர்ணனை சொல்வதுதான் அவருடைய பிழைப்பு.

"மழை வரும் போலிருக்கு, ஹெர் காப்பல். குடையில்லாம வந்துட்டீங்க."

"வந்தா நனையுறேன்."

"காலர் ஒரு பக்கம் உள்ள மடங்கியிருக்கு."

"இருக்கட்டும்."

"எனக்கென்ன. சொன்னேன்."

தினமும் இப்படித்தான். காப்பல் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார்.

அந்த வீட்டு வாசலில், நடைபாதையில், மூன்று இடறுகற்கள் இருந்தன. உள்ளங்கை அளவு கற்கள். மேல்பக்கம் பித்தளைத் தகடு. அந்த வீட்டிலிருந்து நாஜிகள் பிடித்துக்கொண்டுபோன யூதர்களின் பெயர்கள் அதில் எழுத்தெழுத்தாக அடித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். லிஃப்மன் குடும்பம். அப்பா யூலியுஸ், அம்மா செல்மா, மகள் மார்கா. மூன்று பேரையும் 1941இல் மின்ஸ்க்குக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேரும் திரும்பவில்லை. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் கற்களைப் பதித்திருந்தார்கள்.

காப்பலுக்கு அவை சத்தமாகத்தான் பழக்கம். கைத்தடி தரைக்கல்லில் பட்டால் டொக். பித்தளையில் பட்டால் டிக். டொக், டொக், டிக், டிக், டிக், டொக். அது கேட்டால் பேக்கரி வந்துவிட்டது என்று அர்த்தம்.

நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை. நல்ல உறைபனி.

டொக். டொக். டிக். டிக். டிக்...

டிக்.

காப்பல் நின்றார். இரண்டடி பின்னால் வந்து மறுபடி தட்டினார். நான்கு.

புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லையே என்ற எரிச்சலோடு முட்டி போட்டு, கையுறையைக் கழற்றி, விரலால் தடவினார். அடித்துப் பொறித்த எழுத்துகள் அவருக்கு நன்றாகவே பிடிபடும். முதல் மூன்று கற்களையும் அப்படித்தான் படித்திருந்தார். நான்காவதில் முதல் வரி மட்டும் இருந்தது. 'இங்கே வாழ்ந்தவன்.' அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் தகடு.

இன்னொன்றும் இருந்தது. மற்ற மூன்றும் விரலில் ஒட்டிக்கொள்கிற குளிர். நான்காவது வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்து போனது போல.

"ஹெர் ஓலர்ஸ், இந்தக் கல்லை எப்ப வெச்சாங்க?"

"எந்தக் கல்லு?"

"இதோ, கை வெச்சிருக்கேனே."

"அது சும்மா தரைக்கல்லு. பித்தளை மூணுதான்."

"நல்லா பாருங்க."

"எனக்கு எண்பத்தஞ்சு வயசு. ஆனா கண்ணு நல்லாத் தெரியுது. நம்ம ரெண்டு பேர்ல கண்ணு தெரியாதது நீங்கதான்."

காப்பல் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

மறுநாள் முதல் வரிக்குக் கீழே ஒரு பெயரின் தொடக்கம் இருந்தது. 'ரோ.' நேற்று அது இல்லை. அவர் சத்தியம் செய்வார்.

அதற்கடுத்த நாள் அந்தப் பெயர் முழுதாக இருந்தது. ரோல்ஃப்.

அன்றைக்கே குழுவின் செயலாளருக்குப் போன் போட்டு, புதிதாக ஒரு கல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அல்முட் டெர்ஹார்ட் என்ற ஓய்வு பெற்ற ஆசிரியை. நல்ல மனுஷி. மறுநாள் காலையிலேயே வந்து, அவரோடு வாசலில் குனிந்து உட்கார்ந்தார்.

"எங்க, ஹெர் காப்பல்?"

"இங்க. உங்க விரலைக் கொடுங்க. இது ஒரு எழுத்து. தெரியுதா? பக்கத்துல இன்னொண்ணு."

"எனக்குச் சொரசொரன்னு கல்லுதான் தெரியுது."

"அழுத்திப் பாருங்க."

"அழுத்தித்தான் பாக்கறேன்."

"இன்னும் அழுத்துங்க."

அல்முட் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். பிறகு, மனம் நோகக்கூடாதே என்கிற குரலில் சொன்னார்: "சர்க்கரை இருக்கறவங்களுக்கு நரம்புல கோளாறு வரும்னு சொல்வாங்க. விரல் நுனியிலதான் ஆரம்பிக்குமாம். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

காப்பல் தன் விரல் நுனிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கண் போனபோது விரல் இருந்தது. விரலை வைத்துத்தான் சோறு. எந்த முதுகில் எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று சொல்கிற விரல். அதுவும் போனால்?

டாக்டரிடம் போனார். மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். டாக்டர் ஊசியால் குத்தினார், அதிர்கிற கம்பியை விரல் நுனியில் வைத்தார், பஞ்சால் வருடினார்.

"உங்க விரலுக்கு ஒண்ணுமில்ல. என் விரலைவிட நல்லாயிருக்கு."

"அப்ப நான் படிக்கறது என்ன?"

"அதை நீங்க வேற டாக்டர்கிட்ட கேக்கணும்" என்றார் அவர், சிரிக்காமல்.

விரல் நன்றாக இருக்கிறது, கல்லோ இல்லை. அப்படியானால் கோளாறு மண்டையில் என்றுதானே அர்த்தம். காப்பல் வீட்டுக்கு வந்து கைத்தடியைச் சுவரோரம் விட்டெறிந்தார். அப்புறம் அதைத் தேடித் தரையில் தவழ வேண்டியிருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வெள்ளிக்கிழமை பெயர் முடிந்துவிட்டது. ரோல்ஃப் லிஃப்மன். பிறப்பு 1938. அதற்குக் கீழே, மற்ற மூன்று கற்களிலும் 'கொலை செய்யப்பட்டார்' என்று இருக்கிற இடத்தில், நான்காவது வழவழப்பாகவே இருந்தது.

வாசலிலிருந்தே அல்முட்டுக்குப் போன் செய்தார்.

"பேர் முழுசா வந்துடுச்சு. ரோல்ஃப் லிஃப்மன். முப்பத்தெட்டு."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஹெர் காப்பல்... அந்தப் பேரை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. படிச்சேன்."

"விளையாடாதீங்க. குழுவில மூணு பேருக்குத்தான் அது தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவங்களுக்கு ஒரு பையன் இருந்தான். ரோல்ஃப். முப்பத்தெட்டுல பிறந்தவன். அவங்களைக் கொண்டுபோறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி தொண்டை அடைப்பான் வந்து செத்துட்டான். மூணு வயசு. நோயில செத்தவன்கறதால கல் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அதைப் பத்தி வெளியில எங்கயும் பேசினதில்ல."

காப்பல் போனை வைத்தார். பேக்கரி அடுப்பின் வாசம் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ சைக்கிள் பூட்டைத் திறந்தார்கள். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

செத்த பையன். கல் கேட்கிறான்.

சனியும் ஞாயிறும் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமை எதிர்ப்பக்க நடைபாதையில் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். கிளம்பும்போது அந்த முடிவு மாறிவிட்டது. பயம் போகவில்லை. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு வாரமாகத் தன்னைப் பைத்தியக்காரனாக்கிக்கொண்டிருக்கிறது ஒரு கல். என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவோம்.

அன்று ஓலர்ஸின் ஜன்னல் சாத்தியிருந்தது. கிழவருக்குச் சளி, காய்ச்சல். பேக்கரி வரிசையின் பேச்சும் பிள்ளைகளின் ஓட்டமும் தள்ளிக் கேட்டன; வாசலருகில் அந்த ஒரு நிமிடம் யாருமில்லை. பக்கத்தில் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை.

டொக். டொக். டிக். டிக். டிக். டிக்.

முட்டி போட்டார். கையுறையைக் கழற்றினார்.

"என்ன வேணும்?"

விரலை வைத்தார். இங்கே வாழ்ந்தவன். ரோல்ஃப் லிஃப்மன். பிறப்பு 1938.

அதற்குக் கீழே... வழவழப்பு.

அப்போதுதான் ஒரு கை அவருடைய சுட்டுவிரலைப் பிடித்தது.

காப்பலுக்குப் பயம் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது.

"கையை விடுங்க. கேட்டுட்டுத் தொடணும்னு தெரியாதா?"

விடவில்லை.

சின்னக் கை. நகமெல்லாம் கடித்துக் கடித்துக் குட்டையாகியிருந்தது. அவருடைய தொழிலே கைதான். வயதைச் சொல்லிவிடுவார். ஒன்பது, பத்து. மூன்று வயதுக் குழந்தையின் கை இல்லை.

உதறினார்.

பிடி இறுகியது.

பிடித்தபடியே அவருடைய விரலைத் தகட்டின் வழவழப்பான இடத்துக்கு நகர்த்தியது. மேலிருந்து கீழே ஒரு கோடு. அப்புறம் அடியில் குறுக்கே ஒன்று.

எழுத்து.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல... மெதுவாக... அழுத்தி...

இரண்டாவது எழுத்து.

மூன்றாவது.

அவருடைய காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். பொறுமை இழந்த மூச்சு. எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தும் புரியாதவனிடம் விடுகிற மூச்சு.

நான்காவது.

பிடி விட்டது.

"ஹெர் காப்பல்? யார்கிட்ட பேசறீங்க?"

பேக்கரியில் வேலை செய்யும் ஆய்லின். கையில் ரொட்டிப் பையின் சரசரப்பு.

"என் பக்கத்துல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லையே."

"இப்ப. இந்த நிமிஷம்."

"நான் கடை வாசல்லேர்ந்து பாத்துட்டுத்தான் வரேன். நீங்க தனியா உக்காந்து கத்திட்டிருந்தீங்க. கீழ விழுந்துட்டீங்களோன்னு ஓடி வந்தேன். உள்ள வந்து ஒரு காபி குடிங்க."

அவர் காபி குடித்தார். மேஜையின் மேல் அந்த நான்கு எழுத்துகளையும் விரலால் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. அவர்கள் மொழியில் நான்கே எழுத்தில் எழுதுகிற சொல் அது.

உயிரோடிருக்கிறான்.

அல்முட்டிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். சாவை எழுதிக் கொடுத்த டாக்டர் இருந்திருக்கிறார், கல்லறையில் இடம்கூட இருக்கிறது என்றார். "உங்களுக்கு ஓய்வு வேணும், ஹெர் காப்பல்." இந்த வார்த்தைதான் அவரை அடியோடு கிளப்பிவிட்டது. அடுத்த மூன்று நாளும் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். அவர் கையில் மாட்டிய முதுகுகளும் அந்த வாரம் நன்றாகவே வாங்கிக்கொண்டன.

வியாழக்கிழமை ஓலர்ஸின் ஜன்னல் திறந்திருந்தது.

"என்ன ஹெர் காப்பல், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவ்வளவுதான். உடைத்துக்கொண்டது. காப்பல் கைத்தடியால் நடைபாதையைக் குத்திக் குத்திச் சொன்னார். "இங்க ஒரு கல்லு இருக்கு. உங்க நல்ல கண்ணுக்குத் தெரியல, ஆசிரியையோட படிச்ச விரலுக்குத் தெரியல. அதுல ஒரு பேர் இருக்கு. ரோல்ஃப் லிஃப்மன். உயிரோடிருக்கான்னு எழுதியிருக்கு. போதுமா? சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுடுங்க." கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக் கேலிக்கு ஆளாக அவருக்குத் தெம்பில்லை.

கிழவர் சிரிக்கவில்லை.

ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. காப்பல் திட்டிக்கொண்டே நாலடி நடந்திருப்பார். பின்னால் வீட்டுக் கதவு திறந்தது.

"உள்ள வாங்க" என்றார் ஓலர்ஸ். அவருடைய குரல் எங்கோ அடியில் இருந்தது.

சமையலறையில் உட்கார்ந்தார்கள். கிழவர் கெட்டிலை அடுப்பில் வைத்தார், பற்ற வைக்க மறந்துவிட்டார்.

"இந்த எண்பத்தஞ்சு வயசுல அந்தப் பேரை என் முன்னாடி ரெண்டு பேர்தான் சொல்லியிருக்காங்க. மொத ஆளு என் அம்மா. பேரு கேட்டே ஓலர்ஸ். மூணாவது மாடியில இருந்தோம். சாகறதுக்கு முந்தின வாரம் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னா. நீ என் வயித்துல பிறக்கல. கீழ் வீட்டுப் பிள்ளை. உங்க அப்பா அம்மாவுக்கு, பிடிச்சுட்டுப் போகப்போறாங்கன்னு சேதி முன்னாடியே வந்துடுச்சு. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் நீ செத்துட்டேன்னு எழுதிக் கொடுத்தார். வெறும் பெட்டியைப் புதைச்சோம். ராவோட ராவா உன்னைத் தூக்கிட்டு என் தங்கச்சியோட பண்ணைக்குப் போயிட்டேன். சண்டை முடிஞ்சு திரும்பி வந்தப்ப உனக்கு ஏழு வயசு. யாருக்கு அடையாளம் தெரியும்? அப்படின்னா."

காப்பல் கைத்தடியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிழவர் பக்கம் திரும்பினார்.

"என் பொண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்ல. கல்லு வெச்ச அன்னைக்குத் திரைக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். கீழ போகணும், நானும் அவங்க பிள்ளைதான்னு சொல்லணும். கால் வரல. ரெண்டு வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்து, வாய்க்கு வந்ததெல்லாம் பேசறேன். சொல்ல வேண்டிய ஒண்ணு மட்டும் வாயில வரமாட்டேங்குது."

"அவங்களைப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"முகம் எதுவும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். யாரோ என் விரலைப் பிடிச்சு எழுத்து எழுத வெப்பாங்க. சுவத்துல, மேஜையில, தரையில. தப்பா எழுதினா மூச்சை இழுத்து விடுவாங்க. அக்காவா இருக்கும்."

காப்பல் தன் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த நிமிடம் தன் விரலைப் பிடித்த கையைப் பற்றிச் சொன்னால் கிழவர் தாங்கமாட்டார் என்று பட்டது.

கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். எண்பத்தைந்து வயது முட்டி எளிதில் மடங்குமா? சுவரைப் பிடித்து, காப்பலின் தோளைப் பிடித்து, ஒரு வழியாகக் கிழவர் தரையில் உட்கார்ந்தார். காப்பல் கைத்தடியால் தட்டிக் காட்டினார்.

டிக். டிக். டிக்.

டொக்.

மறுபடி தட்டினார். டொக்.

கையை வைத்துத் தேடினார். சொரசொரப்பு. குளிர். கல் இடுக்கில் கொஞ்சம் மண். பித்தளையும் இல்லை, எழுத்தும் இல்லை.

"இங்கதான் இருந்துச்சு" என்றார். "நேத்துகூட இருந்துச்சு."

ஓலர்ஸ் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்கு மட்டும் ஏன் எதுவும் தெரியல?" என்றார். அழவில்லை. வெறுத்துப்போன குரல். "எல்லாம் எனக்குத்தானே தெரிஞ்சிருக்கணும்?"

காப்பல் முஷ்டியால் தரையில் ஓங்கிக் குத்தினார். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு நடந்ததில் பேய் எதுவும் இல்லை. ஓலர்ஸ் அல்முட்டைக் கூப்பிட்டுத் தன் வாயால் எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவின் தங்கை வழி உறவில் ஒரு கிழவி இன்னும் இருந்தாள். அவளும் ஆமாம் என்றாள். குடும்பம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று பிழைத்தவர்களுக்கும் கல் வைப்பது வழக்கம். ஆனால் ஒவ்வொரு கல்லையும் கையால் செய்ய வேண்டும், வரிசை நீளம், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள் கல் செய்பவர்கள்.

"அவருக்கு எண்பத்தஞ்சு" என்று அல்முட்டிடம் போனில் கத்தினார் காப்பல். "அடுத்த வருஷம் யாருக்கு வெக்கப்போறீங்க?"

"நானும் தினம் கேட்டுட்டுத்தான் இருக்கேன், ஹெர் காப்பல். என்மேல கத்தி என்ன ஆகப்போகுது?"

உண்மைதான். ஆனாலும் அடுத்த வாரமும் கத்தினார். கிழவர் ஒரு குளிர்காலத்தை ஆஸ்பத்திரியில் கழித்தார். செத்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சாகவில்லை.

இரண்டாவது வருட வசந்தத்தில் கல் வந்தது. தெருவே கூடியிருந்தது. ஆய்லின் கடையைப் பாதி மூடிவிட்டு வந்தாள். ஓலர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசித்தது அல்முட்: "இங்கே வாழ்ந்தவன் ரோல்ஃப் லிஃப்மன். பிறப்பு 1938. மறைந்து வாழ்ந்தான். உயிர் பிழைத்தான்." கூட்டம் கலைந்த பிறகு காப்பல் குனிந்து தொட்டுப் பார்த்தார். சாதாரணப் பித்தளை. மற்ற மூன்றைப் போலவே குளிர்ந்திருந்தது. அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, காலையில், ஜன்னலிலிருந்து கிழவர் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும். கோபிக்கக் கூடாது."

"கேளுங்க."

"உங்ககூட வருமே அந்தப் பொண்ணு. இப்பல்லாம் ஏன் வர்றதில்ல?"

காப்பலுக்குப் புரியவில்லை. "எந்தப் பொண்ணு?"

"அதான், உங்க கோட்டு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே வருமே. என் வாசல் வந்ததும் இழுக்கும். நீங்க நிக்காம போயிட்டே இருப்பீங்க. அது மட்டும் இங்கயே நின்னுடும். பாவமா இருக்கும். ரொம்ப முன்னாடி ஒரு தடவை, உங்க பொண்ணான்னு கேட்டேன். எனக்குப் பொண்ணும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல, உங்க வேலையைப் பாருங்கன்னு சீறினீங்க. விவாகரத்துச் சமாச்சாரம் போலன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி வாயே திறக்கல."

தெருவில் ஒரு கார் போனது. காப்பல் அது போகும்வரை காத்திருந்தார்.

"எத்தனை வருஷமா பாக்கறீங்க?"

"நீங்க இந்த வழியா வர ஆரம்பிச்சதுலேர்ந்து. பன்னெண்டு, பதிமூணு வருஷம் இருக்கும்."

"மொத தடவை பாத்தப்ப எவ்வளவு உயரம்?"

"உங்க கோட்டுப் பாக்கெட் உயரம்."

"கடைசியா பாத்தப்ப?"

கிழவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

சொல்லவில்லை.

பதிமூன்று வருடம் தினமும் பார்த்தவர். ஒரு நாள்கூட இதை யோசிக்கவில்லை.

"...பாக்கெட் உயரம்தான்" என்றார் ஓலர்ஸ்.

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"கல்லு வெச்ச அன்னைக்கு. கூட்டத்துல, உங்க பக்கத்துல. ஆசிரியை படிச்சு முடிச்சதும் உங்க கோட்டை விட்டுடுச்சு. படியேறி உள்ள போச்சு. பசங்க அவசரத்துக்குப் போகும்னு நினைச்சேன். என் வீட்டுக் கதவு அன்னைக்குத் திறந்துதான் கிடந்துச்சு."

"அப்புறம் எப்ப வெளிய வந்துச்சு?"

தலையணை நகர்கிற உரசல் கேட்டது. கிழவர் ஜன்னலிலிருந்து திரும்பி, தன் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரல" என்றார்.